காலி என்று எழுதிய இடம்

போன மாதம் ஒரு வருவாய் ஆய்வாளர் தொலைபேசியில் பேசினார். ஒரு காலத்தில் என் எதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பழகியவர். வீடற்றவர்களைக் கணக்கெடுத்து அனுப்பும்படி மேலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். மறுநாளே பதில் கேட்டிருக்கிறார்களாம்.

"நம்ம பிர்க்காவுல அப்படி யாரும் இல்ல சார். இன்மை அறிக்கை அனுப்பிட்டேன். அதெல்லாம் மெட்ராஸ் மாதிரி ஊர்ல பிளாட்பாரத்துல படுக்கறவங்களுக்குத்தான? நீங்க இருந்தப்ப எப்படி சார் எடுத்தீங்க?"

மரியாதைக்குக் கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. நான் எப்படி எடுத்தேன் என்பது போனில் சொல்லக்கூடியதாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் 1974இல் பணியில் சேர்ந்ததிலிருந்து எனக்கு உண்டு. ஒரு நாளைக்கு மூன்று வரி: போன இடம், பார்த்த ஆள், போட்ட கையெழுத்து. எனவே கீழே வரும் காலக்கணக்கு எதையும் ஞாபகத்தை நம்பி எழுதவில்லை. ஆனால் மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தேதியை எழுதினால் ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். அரியலூருக்கும் செந்துறைக்கும் நடுவில் ஒரு கிராமம் என்பது போதும். எந்த வட்ட அலுவலகம், அதிகாரி யார் என்பதும் வேண்டாம். அவர்களைவிட நான் யோக்கியன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. யோக்கியன் இல்லை என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

ஆரம்ப வருடங்களில் சொல்ல அதிகமில்லை. திருச்சியில் தபால் பிரித்து முத்திரை குத்தினேன், நகல் எழுதினேன், சர்வே பயிற்சியில் வெயிலில் சங்கிலி இழுத்தேன். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது பழைய பதிவேடுகளோடு நானும் பெரம்பலூர் வந்து சேர்ந்தேன். பதிவேடுகள் லாரியில் வந்தன, நான் பஸ்ஸில் வந்தேன். 1997 கடைசியில் வருவாய் ஆய்வாளர் ஆனேன். ஜனங்கள் வாயில் ஆர்.ஐ. பத்துப் பன்னிரண்டு கிராமங்கள் சேர்ந்த ஒரு பிர்க்காவுக்குப் பொறுப்பு.

எங்கள் துறைக்கு வருடம் ஜூலையில் தொடங்கும். அதைப் பசலி என்போம். ஒவ்வொரு பசலியிலும் அரசுப் புறம்போக்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து, அவர்கள் பெயருக்கு ஒரு தாள் எழுத வேண்டும். அதற்குப் பி மெமோ என்று பெயர். அபராதம் விதிக்கிற தாள். தொகை சொற்பம். வெளியாள் அதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்வார். புறம்போக்கில் கடை போட்டவன் அப்படி நினைக்க மாட்டான். வருடா வருடம் "நமக்கு பி மெமோ வந்துடுச்சா சார்?" என்று அவனே கேட்டு வாங்குவான். அபராதத்தைக் கட்டி, ரசீதோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவான். ஏனென்றால் இன்ன ஆள் இன்ன இடத்தில் இன்ன வருடம் இருந்தான் என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அது. பின்னால் அந்த இடத்துக்குப் பட்டா கேட்டால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. இது தெரியாத ஆர்.ஐ. எவனும் இல்லை. எனக்கும் தெரியும்.

1998 பிப்ரவரி, பசலி 1407. தலையாரி குப்புசாமியோடு போயிருந்தேன். ஊருக்கு வெளியே, சிமெண்டு ஆலைக்குப் போகிற லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தை ஒட்டி, ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் வண்டிப்பாட்டைப் புறம்போக்கு. சாலைப் பக்கம் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை. இரண்டுக்கும் பி மெமோ எழுதி முடித்தேன். பின்பக்கம் முழுக்க வேலிக்கருவை. அதில் கொஞ்சம் வெட்டித் திருத்திய இடத்தில் ஒரு குடிசை. லாரிக்காரர்கள் கிழிந்துபோனதென்று தூக்கிப் போடும் தார்ப்பாயால் கட்டியது. வாசலில் சாணம் தெளித்திருந்தது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு எங்களை நோக்கி வந்தாள்.

"ஆர்.ஐ. சாருங்களா? பி மெமோ எழுத வந்திருக்கீங்கன்னு டீக்கடை அக்கா சொல்லுச்சு. எங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க சார்."

குப்புசாமி சிரித்துவிட்டார். "பாருங்க சார், அபராதம் போடுன்னு கேட்டு வாங்குற ஆளை! ஏம்மா, வாங்குனா கட்டணும், தெரியுமில்ல?"

"கட்டுறோம். ஓசியிலயா கேக்குறோம்?"

"இந்தத் துணிக்கு பி மெமோ எழுதுனா பேப்பருதான் சார் நட்டம்."

நானும் சிரித்தேன். குழந்தையைப் பார்த்தேன், மூன்று கல் அடுப்பைப் பார்த்தேன். இவளிடம் போய் அபராதமா என்று தோன்றியது. அதோடு, பி மெமோவில் பெயர் ஏறினால் வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கவும் அதுவே வழி. "வேணாம்மா. பேரு ஏறுச்சுன்னா நாளைக்குக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வரும். பேசாம இருந்துக்க. நான் பாக்கலன்னு நெனச்சுக்க" என்றேன்.

"பாத்துட்டீங்களே சார்" என்றாள்.

வாயாடிப் பெண் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். பதிவேட்டில் டீக்கடை, பஞ்சர் கடை இரண்டையும் எழுதி, மீதி இடத்துக்கு நேரே 'காலி' என்று எழுதினேன். அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும் அப்படியே. முதல் வருட நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "இன்று ஒரு ஏழைக் குடும்பத்தை அபராதத்திலிருந்து காப்பாற்றினேன்." அந்த வரியை நான் இன்னும் அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அவள் பெயர் ராசாத்தி. புருஷன் அன்பழகன். சிமெண்டு மூட்டை ஏற்றிய லாரிகளுக்குத் தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டுவது அவன் வேலை. பாரம் ஏறிய வண்டி கிளம்ப அவன் கட்டி முடிக்க வேண்டும். மழைக்காலத்தில் அவனுக்காக லாரிகள் காத்து நிற்கும். ராசாத்தி களை எடுக்கப் போவாள், சீசனில் ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். வீடில்லாதவன் என்றால் உடம்பு வளையாதவன், கை நீட்டுபவன் என்று நாம் நினைக்கிறோமே, அந்த மூன்று வருடத்தில் அவர்கள் இருவரும் பகலில் சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். என்னையும் சேர்த்து.

வெளியூரிலிருந்து வந்தவர்களும் அல்ல. இரண்டு பேர் ஊரும் அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி. பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஜாதி வேறு. 1996இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவளுடைய அப்பாவுக்கு நான்கு கட்டு ஓட்டு வீடு. அவள் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதை அண்ணன்மார்கள் தெளிவாகவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவனுடைய தெருவுக்குப் போனால் தெருவையே கொளுத்துவோம் என்றார்கள். அதனால் அவனைப் பெற்றவர்களே, "எங்கயாவது போயி உசுரோட இருங்கடா" என்று அனுப்பிவிட்டார்கள். அரியலூரில் வாடகைக்கு அறை கேட்டுப் போனால் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" இவர்களிடம் அதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. எதைச் சொன்னாலும் மற்றது வெளியே வந்துவிடும். வீடில்லாதவருக்கு யாரும் இல்லை, அதுதான் அவர் கஷ்டம் என்று புத்தகம் படித்த நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இவர்களுக்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. இரண்டு ஊர் நிறைய இருந்தார்கள்.

2000ஆம் ஆண்டு நடுவில் எங்களுக்குப் புது வட்டாட்சியர் வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாதவர். கடைநிலை ஊழியர் வரைக்கும் எல்லோரையும் "ஐயா" என்பார். லஞ்சம் வாங்கியதாக எவரும் சொன்னதில்லை. கோப்பை முதல் தாளிலிருந்து படிப்பார். நடுவில் எங்கே விரல் நிற்கிறதோ அங்கே தப்பு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். திட்ட மாட்டார். ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி அனுப்புவார். எழுதியவர் போய் நேரில் பேச வேண்டும் என்று பொருள். எல்லா அதிகாரிகளும் அப்படி எழுதுவதுண்டு. ஆனால் அவர்கள் மையில் எழுதுவார்கள். இவர் பென்சிலில் எழுதுவார். நாம் போய் உட்கார்ந்ததும் இரண்டு டீ சொல்வார். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேச மாட்டார். பிறகு பேசுவார். பேசி முடித்ததும் மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து, 'பேசவும்' என்பதை அழித்து, தூசியை ஊதிவிட்டு, கோப்பை நாடாவால் அவரே கட்டிக் கொடுப்பார். அதன் பிறகு அந்தக் கோப்பில் யாரும் யாரிடமும் எதையும் பேசியதற்கு அடையாளம் இருக்காது.

அவர் வந்த சில வாரங்களில், அந்த ஒன்றரை ஏக்கரைக் குடியிருப்பு நத்தமாக மாற்றி வீடற்ற ஏழைகளுக்கு வீட்டுமனையாக ஒதுக்க மேலிட அனுமதி வந்தது. ஆளுக்கு மூன்று சென்ட். ஊரிலிருந்து முப்பத்து நான்கு பெயர் கொண்ட பட்டியலும் வந்தது. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது.

இரண்டு நாள் வீடு வீடாகப் போனேன். ஆமாம், வீடு வீடாகத்தான். வீடற்றோர் பட்டியலைச் சரிபார்க்க வேறு எங்கே போவது? கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து கையெழுத்துப் போட்டார்கள். பழனிவேல் என்பவர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தார். 

"இந்த வீடு யாருதுங்க?" என்றேன்.

"அண்ணன் பேருல இருக்கு சார். நான் கூட ஒட்டிக்கிட்டு இருக்கேன். எனக்குன்னு வூடு இல்லல்ல?"

"ரேஷன் கார்டு?"

"தனி அடுப்பு சார். தனி கார்டு. செல்வி, சாருக்கு கார்டை எடுத்துட்டு வா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அவர் மனைவி செல்வி கொண்டுவந்து காட்டினாள். தனிக் குடும்பம், தன் பெயரில் வீடோ மனையோ இல்லை, அந்த ஊரிலேயே வசிப்பவர். விதிப்படி வீடற்றவர். விதியில் எனக்கும் குறை தெரியவில்லை. முப்பத்து நான்கு பேரையும் 'தகுதி' என்று எழுதினேன்.

ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமை மனுநாளில் ராசாத்தி மனுக் கொடுத்தாள். அவளே எழுதியிருந்தாள். எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து என்னுடையதைவிடத் தெளிவு. நாங்கள் குடியிருக்கும் இடத்தை மனையாகப் பிரிக்கிறீர்கள், மூன்று வருடமாக அங்கேயே இருக்கிறோம், எங்களுக்கும் ஒன்று கொடுங்கள். விஷயம் இவ்வளவுதான். புதன்கிழமை அந்த மனு 'பேசவும்' என்ற குறிப்போடு என் மேசைக்கு வந்தது.

போய் உட்கார்ந்தேன். டீ வந்தது. குடித்தோம்.

"இந்தப் பொண்ணு மூணு வருசமா அங்க குடியிருக்கிறதா எழுதியிருக்கு. இருக்குதா ஐயா?"

"இருக்கு சார்."

"ரேஷன் கார்டு இருக்கா? வாக்காளர் பட்டியல்ல?"

"இல்ல சார். வீட்டு எண் இல்லாம தர மாட்டேன்னுட்டாங்க."

"வேற என்ன அத்தாட்சி? பி மெமோ?"

அவர் பதிவேட்டை ஏற்கெனவே வரவழைத்து வைத்திருந்தார். பிரித்து என் பக்கம் திருப்பினார்.

"பசலி 1407, காலி. 1408, காலி. 1409, காலி. கீழ இருக்கிற கையெழுத்து யாரோடதுங்க ஐயா?"

"என்னோடதுதான் சார்."

"அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லுது. இல்லன்னா நீங்க பொய் எழுதியிருக்கீங்க. ரெண்டுல எதை நான் எழுதட்டும்?"

"பாவம்னு விட்டுட்டேன் சார்."

"பாவம்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், கோப்பில் புரியாத ஒரு சொல்லைப் படிப்பதுபோல. "டீக்கடைக்காரனுக்கு வருசா வருசம் எழுதியிருக்கீங்க. அவன் மேல உங்களுக்குப் பாவம் இல்ல. அதனால இன்னிக்கு அவன்கிட்ட அத்தாட்சி இருக்கு. அவனுக்கு இடத்தை விட்டுட்டுத்தான் மனை பிரிக்கிறோம்."

பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஒரு வழி இருக்கு. மூணு பசலியும் நேர்ல பாத்தும் எழுதாம விட்டேன்னு நீங்க எழுத்துல குடுங்க. மேல அனுப்புறேன். அந்தப் பொண்ணுக்கு எடம் வரலாம். உங்களுக்குப் பதினேழு பி வரும். துணை வட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேரு இருக்குல்ல?"

"இருக்கு சார்."

பதினேழு பி என்பது எங்கள் துறையில் கடுமையான குற்றச்சாட்டு. விசாரணை முடியும்வரை பதவி உயர்வு நிற்கும். முடிவதற்கு வருடக்கணக்காகும்.

"யோசிச்சுச் சொல்லுங்க." ரப்பரை எடுத்தார், அழித்தார், ஊதினார்.

பதினோரு நாள் யோசித்ததாக நாட்குறிப்பு சொல்கிறது. வீட்டில் காரணங்கள் இருந்தன. எந்த வீட்டில் இல்லை? வீடு இருப்பவனுக்கு அதுதான் வசதி, காரணங்களை வைக்க ஓர் இடம் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். இருவருடைய சொந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலர்களிடமும் அறிக்கை கேட்டு எழுதினேன். அவர்கள் வீடற்றவர்கள் என்று அங்கிருந்து சான்று வந்துவிட்டால் என் பதிவேட்டை யாரும் பிரிக்க வேண்டியதில்லை.

அறிக்கைகள் செப்டம்பரில் வந்தன. அன்பழகன் ஊரிலிருந்து வந்தது ஒரே வரி: திருமணத்துக்குப் பின் மனைவியின் ஊருக்குச் சென்றுவிட்டார், இவ்வூரில் வசிக்கவில்லை. ராசாத்தி ஊரிலிருந்து வந்ததில் அவள் தந்தையின் வாக்குமூலமும் இருந்தது. "மேற்படி ராசாத்தி என்பவர் என் மகள் அல்ல. எனக்கும் அவருக்கும் எவ்விதச் சம்பந்தமும் கிடையாது." கைநாட்டு, இரண்டு சாட்சிகள். அதற்குக் கீழே, அதே தாளில், கிராம நிர்வாக அலுவலரின் முடிவு: "மனுதாரரின் தந்தைக்குச் சொந்தமாக ஓட்டு வீடு உள்ளது. எனவே மனுதாரரை வீடற்றவராகக் கருத இயலாது."

அந்தத் தாளை நான் மூன்று தரம் படித்தேன். நகைச்சுவை என்று நினைக்க முயன்றேன். பிறகு இரண்டு அறிக்கைகளையும் இணைத்து, "மனு ஏற்கத்தக்கதல்ல எனப் பணிந்து பரிந்துரைக்கிறேன்" என்று எழுதி அனுப்பினேன். வட்டாட்சியர் கையெழுத்திட்டுத் திருப்பினார். இந்தத் தரம் ஓரத்தில் பென்சில் குறிப்பு ஒன்றும் இல்லை.

பதிலை அஞ்சலில் அனுப்ப முகவரி கிடையாது. நானே கொண்டுபோனேன். ராசாத்தி வாங்கி நின்றுகொண்டே படித்தாள். இணைப்பையும் படித்தாள்.

"ஏன் சார், எங்கப்பனுக்கு நான் மவ இல்லியாம். அவரு வூடு மட்டும் என் வூடா?"

"விதி அப்படிம்மா."

"அப்ப அங்க போயி கதவத் தட்டவா? சர்க்காரு சொல்லிருச்சு, தொறங்கன்னு?"

அன்பழகன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவன், "ஏய், சும்மா இரு" என்றான்.

"சும்மாத்தான இருக்கேன். சார், அன்னைக்கு நான் கேட்டப்பவே பி மெமோ எழுதியிருந்தீங்கன்னா?"



"விடு புள்ள. சாரு நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சாரு" என்றான் அன்பழகன். அவன் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அரியலூர் தனி மாவட்டமாகப் போவது 2001 ஜனவரியில் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் நிலுவைக் கோப்புகளை முடிக்கச் சொன்னார்கள். 2000 டிசம்பரில் மனைகளை அளந்து கல் நட இடத்தைச் சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. குடிசைக்கு என்ன செய்வதென்று வட்டாட்சியரிடம் கேட்டேன். அந்தப் பெண் எழுத்தில் நோட்டீஸாவது கேட்கிறாள், பெயர் போட்டு ஒரு தாள் கொடுக்கலாமா என்றேன்.

"பதிவேட்டுல காலின்னு இருக்கிற எடத்தைக் காலி பண்ணச் சொல்லி நான் யாருக்கு நோட்டீஸ் குடுக்கறது ஐயா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு வழி தெரியவில்லை.

காலை எட்டு மணிக்கே போனோம். நான், குப்புசாமி, இரண்டு போலீஸ்காரர்கள், வேலிக்கருவையை இழுக்க ஒரு டிராக்டர். எங்களுக்கு அவர்கள் வேலை எதுவும் வைக்கவில்லை. அன்பழகனே கட்டுகளை அவிழ்த்து, தார்ப்பாயை உதறி, லாரிக்கு மடிக்கிற மாதிரியே மூலைக்கு மூலை வைத்து மடித்தான். கழிகளைக் கட்டினான். ராசாத்தி பாத்திரங்களைக் கோணிக்குள் போட்டாள். பெண் குழந்தைக்கு மூன்று வயது. டிராக்டரைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது. பி மெமோவுக்குப் பேப்பர்தான் நஷ்டம் என்று சொன்ன குப்புசாமி, அடுப்புக்கல் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சாலை ஓரத்தில் வைத்தார். "யாரும் சொல்லல சார். கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் அவர்களை ஏற்றிக்கொண்டார். எந்தப் பக்கம் போனார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே முப்பத்து நான்கு பேருக்கும் பட்டா வழங்கப்பட்டது. ஷாமியானா போட்டு, மைக் வைத்து, வீடற்றவர் கண்ணீரைத் துடைத்ததாகப் பேசினார்கள். பழனிவேல் வெள்ளை வேட்டியில் வந்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டு எனக்குத் துணை வட்டாட்சியர் ஆணை வந்தது.

அரியலூர் மாவட்டம் 2001இல் பிறந்து 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. பெயர்ப் பலகைகளை எழுதி அழித்து எழுதினார்கள். 2007இல் திரும்பவும் பிரிக்கப்போவதாக உத்தரவு வந்தபோது, ஒதுக்கீடு செய்த மனைகளில் நிபந்தனைப்படி வீடு கட்டி வசிக்கிறார்களா என்று பார்த்து, இல்லாதவற்றை ரத்து செய்யப் பரிந்துரைத்து, கோப்புகளைப் புது மாவட்டத்துக்குச் சுத்தமாக ஒப்படைக்கச் சொன்னார்கள். 2007 அக்டோபரில் அந்த ஊர் என் பங்குக்கு வந்தது. ஓய்வுக்கு எனக்குச் சில மாதங்களே இருந்தன.

ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் புதிதாகச் சேர்ந்த பெண். கெட்டிக்காரி, எதையும் டேப் பிடித்துப் பார்த்துத்தான் எழுதுவார். காலையில் ஊருக்குள் முதலில் பேரேட்டைப் பார்த்துவிட்டு மனைகளுக்குப் போனோம். பெரும்பாலான மனைகளில் எல்லைக்கல்லும் கருவையும்தான் இருந்தன. சிலது கைமாறி, லாரி டயர் அடுக்கிக் கிடந்தது. ஒன்றில் அஸ்திவாரம் போட்டு, அதற்குள்ளிருந்து வேப்பங்கன்று வளர்ந்திருந்தது. அவர் ஒவ்வொன்றாக 'வசிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டே வந்தார்.

கடைசி வரிசையில் இடுப்புயரத்துக்கு ஹாலோபிளாக் சுவர், மேலே தார்ப்பாய்க் கூரை. உள்ளே ஆள் இருந்தது. எங்கள் குரல் கேட்டு வெளியே வந்தவளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. காதோரம் நரைத்திருந்தது. அவளுக்கும் என்னைத் தெரிந்தது.

"பழனிவேல் மனைதானங்க இது?" என்றார் கிராம நிர்வாக அலுவலர்.

"ஆமாங்க."

"நீங்க?"

"அவரு சம்சாரங்க. செல்வி."

பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பழனிவேலின் பட்டா நகலை எடுத்து நீட்டினாள். எல்லாம் தயாராக இருந்தது. நிஜமான செல்வியை அன்று காலைதான் ஊருக்குள் பார்த்திருந்தேன், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மனை கைவிட்டுப் போகாமல் இருக்க அங்கே யாராவது குடியிருந்தாக வேண்டும். அதற்குப் பழனிவேல் ஆள் பிடித்திருக்கிறார்.

கிராம நிர்வாக அலுவலர் பின்பக்க எல்லையை அளக்கப் போனார். நான் மெதுவாக, "ராசாத்தி" என்றேன்.

"செல்வின்னு எழுதுங்க சார்."

"இது உனக்கு வர வேண்டிய எடம். உள்ளதை எழுதி, நானே மேல பேசி..."

"எழுதுனீங்கன்னா பட்டா ரத்தாவும். எடத்தச் சர்க்காரு எடுத்துக்கும். நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்க சார் இருக்கறது?" அவள் குரல் உயரவில்லை. "அந்தாளு வாடகை வாங்கல. வருசத்துக்கு ரெண்டு நாளு இந்த மாதிரி யாராச்சும் வந்தா பேரு சொல்லணும், அம்புட்டுத்தான். பாப்பா இங்கதான் அஞ்சாவது படிக்குது. எங்க பேரு உங்க நோட்டுல ஏறவே வேணாம் சார். நல்லது எதுவும் செஞ்சிடாதீங்க."

காலடிச் சத்தம் கேட்டது. அவள் முகத்தை மாற்றிக்கொண்டு, "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டாள். அவர் வாங்கிக் குடித்தார். அடுப்பு, மடித்து வைத்த பாய், ஆணியில் மாட்டியிருந்த பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மனம் இளகிவிட்டது போலும். பதிவேட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே ரகசியமாகச் சொன்னார்:

"முப்பத்து நாலு மனையில உண்மையாவே வீடில்லாதவங்களுக்குப் போய்ச் சேந்தது இது ஒண்ணுதான் சார்."

ஆமாம்மா என்றேன். 'ஒதுக்கீடு பெற்றவரின் மனைவி செல்வி குடும்பத்துடன் வசித்து வருகிறார், நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.